ரிக்கார்டில் இல்லாத பதினொரு குரங்குகள்

யானை விரட்டிய கதைக்காகவோ, செம்மரம் கடத்தியவர்களைத் துரத்திய கதைக்காகவோ இதைப் படிக்க உட்கார்ந்திருந்தால், இப்போதே எழுந்து டீ குடிக்கப் போய்விடலாம். அவையும் என்னிடம் உண்டு. பலமநேர் பக்கம் ஒரு யானை என்னை விரட்டியது. நான் அதை விரட்டியதாக ரிப்போர்ட் எழுதினேன். ஆனால் வனத்துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்குச் சொல்ல என்னிடம் உருப்படியாக இருப்பது ஒரு குரங்குக் கதைதான். அதில் வீரம் எதுவும் இல்லை. குற்றவாளி மட்டும் உண்டு, அது நான்.

நான் பிச்சாட்டூர்ப் பக்கத்து ஆள். வீட்டில் தமிழ், ஆபீசில் தெலுங்கு, மெமோ வந்தால் இங்கிலீஷ். முப்பது வருஷத்துக்கு மேல் அப்படியே ஓட்டிவிட்டேன். ஓய்வு பெற ஐந்தாறு ஆண்டுகள் இருக்கும்போது தடா பக்கம் ஏரி செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் ஆபீசராகப் போட்டார்கள். ஏரிக்குள் ஒரு தீவும் என் பொறுப்பில் வந்தது. தீவின் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்களில் யாராவது நாளைக்கு அங்கே போவீர்கள், என் சிபாரிசோடு போனதாகத் தெரிந்தால் தண்ணீர்கூடக் கிடைக்காது.

அழகான தீவு. பாலை மரமும் நாவலும் பிரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு வளர்ந்த காடு. தேவாங்கு உண்டு, நட்சத்திர ஆமை உண்டு, உடும்பும் நரியும் உண்டு. நடுவில் மழைத் தண்ணீர் தேங்கும் ஒரு பெரிய குட்டை, அந்தத் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் கடம்ப மரங்கள். ஐப்பசி மழை விழுந்ததும் நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் கூட்டம் கூட்டமாக வந்து அந்த மரங்களில் கூடு கட்டும். தண்ணீரைத் தாண்டி நரி வராது என்பது அவற்றின் நம்பிக்கை.

தீவில் நாற்பது ஐம்பது வீடுகள். பாதிப் பேர் மீன் பிடிக்கிறவர்கள், பாதிப் பேர் குட்டைத் தண்ணீரில் நெல் போடுகிறவர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் என்பதால் உரம் வாங்குவதில்லை. கூடு கட்ட வந்த பறவைகளைப் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண்கள் என்றே பேசுவார்கள். தீபாவளிக்கு ஒரு ஓலைவெடிகூடக் கிடையாது. பறவை முட்டையைத் தொட்ட வீடு என்று தெரிந்தால், அந்த வீட்டில் யாரும் பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள்.

அந்தக் கூடுகளுக்கு எங்கள் தரப்பில் காவல் இருந்தவர் பவுனம்மா. தற்காலிக வாட்ச்சர். என் வயதுதான் இருக்கும். புடவைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு, குட்டையைச் சுற்றி விடிந்ததிலிருந்து நடப்பார். எந்த மரத்தில் எந்தக் கிளையில் எத்தனை கூடு என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார். நான் பைனாகுலரும் நோட்டும் வைத்துக்கொண்டு எண்ணினால், "கொறச்சலா எழுதிக்கீறீங்கோ சார், அந்தப் பக்கம் போயி பாருங்கோ" என்று திருத்துவார். அவர் சொன்னதுதான் எப்போதும் சரியாக இருக்கும்.

இனி குரங்குகள். குரங்கைப் பிடிப்பது எளிது. பிடித்த குரங்கை எங்கே விடுவது என்பதில்தான் நம் இலாகாவின் மூளை முழுவதும் செலவாகிறது. ஒரு செக்‌ஷனில் பிடித்ததை அடுத்த செக்‌ஷன் காட்டில் சத்தமில்லாமல் விடுவோம். அந்த செக்‌ஷன்காரர்கள் அதற்கும் அடுத்த செக்‌ஷனில் விடுவார்கள். சுற்றிச் சுற்றி அது நம்மிடமே வந்து சேரும். இடது காது கிழிந்த ஒரு பெரிய கடுவனை நானே மூன்று முறை பிடித்திருக்கிறேன். மூன்றாம் முறை கூண்டைத் திறந்து வைத்ததும், பஸ் வந்துவிட்டது என்பதுபோல் தானாகவே ஏறி உட்கார்ந்துகொண்டது. அது உட்கார்ந்த தோரணையைப் பார்த்து எங்கள் ஆட்கள் வைத்த பெயர் தாசில்தார்.

இந்தத் தாசில்தாரும் அவர் பரிவாரம் பத்தும் சேர்ந்து திருப்பதியில் எங்கள் பெரிய அதிகாரியின் குவார்ட்டர்ஸில் குடியேறிவிட்டார்கள். வடாம் போயிற்று, வாழைத்தார் போயிற்று, கையெழுத்துக்கு வைத்திருந்த ஒரு ஃபைலும் மரமேறிவிட்டது. அதிகாரி கூட்டம் போட்டார். "இதுகளை எங்கே விடலாம்?" என்று கேட்டார். இருபது பேர் இருந்த அறையில் எல்லோரும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் எல்லையை நினைத்து அவரவருக்குப் பயம்.

நான் எழுந்து, "சார், தீவில் விட்டுவிடலாம். சுற்றிலும் தண்ணீர். திரும்பி வர வழியே இல்லை" என்றேன்.

கைதட்டாத குறைதான். அதிகாரி என் தோளைத் தட்டினார். அப்போது டெபுடி ரேஞ்சர் பதவி உயர்வுக்கான லிஸ்ட், என் பெயரோடு, அவர் மேஜையில் இருந்தது. நான் அதை நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். அறையில் இருபது பேர் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது உங்களுக்கு மட்டும் ஒரு அருமையான யோசனை வந்தால், அன்றைக்கு ஒரு பொழுதாவது அதை வெளியே விடாமல் வைத்திருங்கள்.

"ரிக்கார்டில் 'தகுந்த வாழிடத்தில் விடப்பட்டன' என்று எழுது. எந்த வாழிடம் என்று எழுதாதே" என்றார் அதிகாரி. நான் அப்படியே எழுதினேன். இது போதாதென்று, அதே கோடையில் தீவின் விலங்குப் பட்டியலையும் அனுப்ப வேண்டியிருந்தது. எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன்: போன வருஷத்துப் பட்டியலில் தேதியை மட்டும் மாற்றினேன். தேவாங்கு உண்டு, நரி உண்டு, குரங்கு இல்லை. கீழே என் கையெழுத்து.

ஒரு சித்திரை மாதக் காலையில் கூண்டுகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய் இறங்கினோம். கரையில் பவுனம்மா நின்றிருந்தார்.

"இன்னா சார் இது? இதுங்க நம்ம தீவுல கிடியாதே?"

"அதுக்குத்தாம்மா கொண்டாந்தோம்."

"இதுங்க இன்னா துன்னும்?"

"காட்ல இல்லாத பழமா? நாவல் இருக்கு, ஈச்சம்பழம் இருக்கு."

"அது ரெண்டு மாசம் கீது. அப்பறம் பத்து மாசம் இல்லன்னு இதுங்க கையில சொல்லிட்டீங்களா?"

நான் சிரித்துவிட்டுக் கூண்டுகளைத் திறந்தேன். கேள்விக்குப் பதில் தெரியாதபோது சிரிப்பது அதிகாரிகளுக்கு மட்டும் உள்ள சலுகை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாவல் பழம் முடிந்ததும் பவுனம்மாவிடமிருந்து போன் வரத் தொடங்கியது. "சார், தாசில்தாரு எங்கூட்டு கூரை மேல குந்திக்கினு கீறாரு." துரத்தும்மா என்றேன். "துரத்துனா என்னியே மொறைக்கிறாரு சார்." மறு வாரம் யாரோ ஒருவரின் மீன் வலையைத் தாசில்தாரும் பரிவாரமும் பிரித்துப் போட்டிருந்தார்கள். அதற்கடுத்த வாரம் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு நேரத்தில் பதினொருவரும் வரிசையில் உட்கார்ந்திருந்தார்களாம். ஒவ்வொரு முறையும் நான், "பார்க்கலாம்மா" என்றேன். இலாகாவில் இந்தச் சொல்லுக்கு ஒன்றும் செய்யமாட்டேன் என்று பொருள். அது பவுனம்மாவுக்கும் தெரியும்.

ஐப்பசியில் மழை வந்தது. பறவைகளும் வந்தன. கூடுகள் கட்டி முட்டை வைத்த சமயம் ஒருநாள் காலையில் பவுனம்மா மூச்சிரைக்கப் போன் செய்தார்.

"சார், நீந்துதுங்க சார்!"

"எது?"

"கொரங்கு சார்! தண்ணில எறங்கி நீந்திப் போயி மரத்துல ஏறுதுங்க. முட்டைய எடுத்து ஒடைச்சித் துன்னுதுங்க. நான் தண்ணில எறங்கி கத்திக்கினே ஓடறேன், ஒரு மரத்துல வெரட்டினா இன்னொரு மரத்துக்குத் தாவுதுங்க. வடக்கு மூல மரம் காலி சார்."

நரிக்குத் தெரியாத வித்தை குரங்குக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. காட்டில் முப்பது வருஷம் சம்பளம் வாங்கியவன் நான். ஆனாலும் கூண்டை எடுத்துக்கொண்டு ஓடவில்லை. பழைய அதிகாரி மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்திருந்தார். பதவி உயர்வு லிஸ்ட் இப்போது அவர் மேஜையில் இருந்தது. குரங்கு பிடிக்கப் போனால், அது தீவுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி வரும். இன்னும் ஒரே ஒரு மாதம் அந்தக் குரங்குகள் இல்லாமலே இருந்துவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். பவுனம்மா மட்டும் தினமும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தகர டப்பாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருஷக் கூடு எண்ணிக்கையைப் பார்வையிடப் புதிய அதிகாரியே நேரில் வந்தார். கறாரானவர், நேர்மையானவர் என்று பெயர். குட்டைக் கரையில் நின்று பார்த்தார். பாதி மரங்கள் காலி. கரையெல்லாம் உடைந்த முட்டை ஓடு. குரங்கு ஒன்றையும் காணவில்லை. தினமும் வருகிறவர்கள் அன்றைக்கு மட்டும் லீவு போட்டுவிட்டுத் தீவின் மறுகோடிப் பனந்தோப்புக்குப் போயிருந்தார்கள்.

"முட்டைகள் எங்கே?" என்று பவுனம்மாவைக் கேட்டார்.

"கொரங்கு துன்னுட்ச்சி சார்."

அதிகாரி கையிலிருந்த பட்டியலைப் புரட்டினார். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. பிறகு என் பக்கம் திரும்பித் தெலுங்கில் கேட்டார்: "ஏமய்யா, ஈ தீவிலோ கோத்துலு உன்னாயா, லேதா?" குரங்குகள் இருக்கின்றனவா, இல்லையா. ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லிவிடக்கூடிய கேள்வி.

"ரிக்கார்டுலோ லேவு சார்" என்றேன்.

ரிக்கார்டில் இல்லை. அந்த வாக்கியத்தில் ஒரு பொய்யும் கிடையாது. அவ்வளவு காலம் இலாகாவில் குப்பை கொட்டினால்தான் அப்படி ஒரு வாக்கியம் யோசிக்காமல் வாயில் வரும். பவுனம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பதுபோல் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரிக்கு இப்போது கணக்கு நேராகிவிட்டது. குரங்கு இல்லை, முட்டையும் இல்லை, காவல்காரி மட்டும் இருக்கிறார். வெளியாட்கள் முட்டையை எடுத்துப் போக இவரே உடந்தை என்று முடிவுக்கு வந்துவிட்டார். "இவளை வேலையை விட்டு நீக்கி மெமோ எழுது. இப்போதே கொடு" என்று சொல்லிவிட்டுப் படகில் போய் உட்கார்ந்தார்.

அதற்குள் கரையில் ஊரே கூடியிருந்தது. 'முட்டை' என்ற சொல் எல்லோர் காதிலும் விழுந்துவிட்டது. பவுனம்மாவின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீடும் அதே தீவுதான். மாப்பிள்ளையின் தாயார் கூட்டத்தில் முன்னால் நின்றிருந்தவர், இரண்டடி பின்னால் போனார். பிறகு இன்னும் இரண்டடி போனார்.

"பவுனு, இன்னா சொல்றாங்கோ இவங்கோ?" என்று ஒருவர் கேட்டார்.

நான் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு தோணியின் மேல் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். பவுனம்மாவின் பெயரை எழுதினேன். எத்தனை வருஷமாக வேலை பார்க்கிறார் என்று எழுதினேன். அடுத்து, முட்டைகள் களவு போக உடந்தையாக இருந்ததால் என்று எழுத வேண்டும். கை ஓடவில்லை. எனக்கு ஒன்றும் திடீரென்று ஞானம் பிறந்துவிடவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. உண்மையைச் சொன்னால் பயம்தான் அதிகம். ஆனால் அந்த மாப்பிள்ளையின் தாயார் மூன்றாவது முறையாகப் பின்னால் நகர்ந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை.

நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு படகுக்கு ஓடினேன். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, "கோத்துலு உன்னாயி சார். பதகொண்டு. நேனே தெச்சானு" என்றேன். குரங்குகள் இருக்கின்றன, பதினொன்று, நானேதான் கொண்டுவந்தேன் என்று அதையே தமிழிலும் கரையைப் பார்த்துக் கத்தினேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் சொன்னதுதான் அன்றைக்கு எனக்குக் கிடைத்த சரியான அடி. "ஏழைப் பெண் என்று இரக்கப்பட்டுப் பழியை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே. உன் கையெழுத்துப் போட்ட பட்டியலில் குரங்கு இல்லை. நீ கொண்டுவந்ததற்கு ஆதாரம் காட்டு."

ஆதாரத்துக்கு நான் எங்கே போவேன்? ஆதாரமே இல்லாதபடி செய்ததுதான் அந்த வருஷத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை. ஆயிரம் பொய் ரிப்போர்ட்டுகளுக்கு என்னிடம் ஆதாரம் இருந்தது. வாழ்க்கையில் ஒருமுறை உண்மை சொல்கிறேன், ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. "தகுந்த வாழிடம்" என்று இரண்டு மூன்று முறை உளறினேன். எந்த வாழிடம் என்று அவர் கேட்டார்.

அப்போது பவுனம்மா தண்ணீரில் இறங்கி வந்தார். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு காக்கிச் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். விரலால் தள்ளித் தள்ளித் தேடி, சித்திரையில் கரையில் நின்று அவரே எடுத்திருந்த ஒரு வீடியோவை ஓடவிட்டு அதிகாரியின் கையில் கொடுத்தார்.

வீடியோவில் நான் இருந்தேன். பட்டப்பகல் வெளிச்சத்தில், தொப்பியோடு, பல் தெரிய. கூண்டின் கதவைத் திறந்து, இடுப்பை வளைத்துக் கும்பிடு போட்டு, "எறங்குங்க தாசில்தார் சார், இனிமே உங்களுக்கு டிரான்ஸ்ஃபரே கிடையாது" என்று சொல்கிறேன். காது கிழிந்தவர் இறங்கி, என் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு போகிறார். தொப்பி போன விஷயத்தை நான் இதுவரை உங்களிடம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியம் வராது என்று நினைத்தேன்.

அதிகாரி அதை இரண்டு முறை பார்த்தார். இரண்டாவது முறை ஏரியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. திரும்பியபோது முகம் பழையபடி கல்லாகிவிட்டது. "மெமோ எழுது. பெயரை மட்டும் மாற்று" என்றார். என் மெமோவை நானே எழுதிக்கொண்டேன். பிறகு அவரே படகில் எழுந்து நின்று, பவுனம்மா மேல் தப்பு இல்லை என்றும் தான்தான் அவசரப்பட்டுவிட்டதாகவும் ஊரார் எல்லோருக்கும் கேட்கும்படி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். மாப்பிள்ளையின் தாயார் பழைய இடத்துக்கு வந்து நின்றார்.

அந்த வருஷம் எனக்குப் பதவி உயர்வு இல்லை. குரங்குகளைப் பிடிக்க உத்தரவு வந்தது. பிடித்த குரங்குகளை முதலில் எங்கே பிடிக்கப்பட்டனவோ அங்கேயே விட வேண்டும் என்றும், இந்தமுறை இடத்தைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்றும் அதிகாரி எழுதியிருந்தார். "சார், அது உங்கள் குவார்ட்டர்ஸ் காம்பவுண்டு சார்" என்று நினைவூட்டினேன். சிறிது நேரம் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். "அப்படியே எழுது" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். இலாகாவில் நான் பார்த்த பெரிய மனிதர்களில் அவர் ஒருவர். அதற்குப் பிறகு அவர் வீட்டில் வடாம் போட்டதாக நான் கேள்விப்படவில்லை.

பதினொன்றையும் பிடிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. உடைந்த முட்டைகள் உடைந்தவைதான். அதற்கு எந்த மெமோவும் ஈடாகாது, அந்த வருத்தம் எனக்கு இன்றைக்கும் உண்டு. மிஞ்சிய மரங்களில் சில நாரைகள் தாமதமாக மறுபடியும் கூடு கட்டின. மறு வருஷம் வடக்கு மூலை மரத்திலும் பறவை உட்கார்ந்தது. அதைப் பட்டியலில் எழுதும்போது பழைய பட்டியலை நான் தொடவே இல்லை.

கடைசிக் கூண்டு படகில் ஏறிய நாள், பவுனம்மா மகளின் கல்யாணம் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். எனக்கும் இலையில் வைத்துத் தனியாக லட்டு கொண்டுவந்து கொடுத்தார். இத்தனை நாள் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, அந்த வீடியோவை அன்னிக்கி மொதல்லியே ஏன் காட்டல? அவர் கேட்ட உடனே காட்டியிருந்தா உனக்கு அவ்ளோ பேச்சு வந்திருக்காதே?"

"நான் காட்டிக்கினா நீங்க மாட்டிக்குவீங்கோ. நீங்களே சொன்னீங்கன்னா அது வேற சார். அதான், சொல்றாரா இல்லியான்னு பாத்துக்கினு இருந்தேன்."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

"காட்டியிருப்பேன் சார். எம் பொண்ணு கல்யாணமாச்சே."

"எவ்வளவு நேரம் பார்க்கலாம்னு இருந்த?"

"படகு கயித்த அவுக்கிற வரிக்கும்" என்றார்.

நான் தண்ணீரில் இறங்கி ஓடிய நேரத்தில் படகோட்டி கயிற்றை ஏற்கனவே அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார். அது எனக்கும் தெரியும், பவுனம்மாவுக்கும் தெரியும். நான் லட்டைத் தின்று முடித்துவிட்டு இலையை மடித்தேன்.